டிரெய்லர் மாட்டினா மட்டும் கியர் படுத்துதா? அறிகுறியை வச்சு கண்டுபிடிச்சு சரி பண்ணலாம்

காலியா ஓடும்போது ஒரு குறையும் சொல்ல முடியாத பிக்கப், பின்னாடி டிரெய்லர் மாட்டின உடனே கியரை மாத்தி மாத்தி போடும், முக்கும், சூடாகும், இறக்கத்துல நம்ம பேச்சை கேக்காம தள்ளிட்டு போகும். உடனே கியர்பாக்ஸ் போச்சுன்னு முடிவு கட்டி ஒர்க்‌ஷாப்புக்கு ஓட வேண்டாம். பல நேரம் பாக்ஸுல ஒண்ணும் இருக்காது, லோடுக்கு ஏத்த செட்டிங்குல வண்டி ஓடல, அவ்ளோதான். ஆனா அப்படியே ஓட்டிட்டு இருந்தா ஒருநாள் நிஜமாவே போயிடும், அதுவும் உண்மை. கீழ உங்க அறிகுறி எதுவோ அதை தேடி படிங்க, வரிசையா படிக்கணும்னு கட்டாயம் இல்ல.

அதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் மட்டும் தெரிஞ்சுக்கோங்க, ஏன்னா கீழ எல்லா இடத்துலயும் இது வரும்.

முதல்ல டோ ஹால் (Tow/Haul) பட்டன், லோடு இழுக்கும்போது போடுறது. கியர் லீவர் பக்கத்துலயோ லீவர் முனையிலயோ டிரைவ் மோடு டயல்லயோ இருக்கும். அதை அமுக்கினா இன்ஜினுக்கு கூடுதல் சக்தி எதுவும் வராது, கியர்பாக்ஸ் யோசிக்கிற விதம்தான் மாறும். மேல் கியருக்கு லேட்டா போகும், போன கியர்ல கொஞ்சம் நேரம் நிக்கும், கியர் மாறும்போது உள்ள இருக்கிற கிளட்ச்சை இறுக்கி பிடிக்கும், இறக்கத்துல பிரேக் தொட்டா தானா ஒரு கியர் இறக்கும். 

ரெண்டாவது டார்க் கன்வர்ட்டர். ஆட்டோமேட்டிக்ல இன்ஜினுக்கும் பாக்ஸுக்கும் நடுவுல ஆயில் வழியாத்தான் சக்தி போகுது, ரெண்டு பக்கமும் ஒரே வேகத்துல சுத்தாது, அந்த வித்தியாசத்தால ஆயில் சூடாகும். அதை தவிர்க்கத்தான் உள்ள ஒரு லாக் அப் கிளட்ச் இருக்கு, அது பூட்டிக்கிட்டா ரெண்டு பக்கமும் ஒண்ணா சுத்தும், சூடு குறையும். டிரெய்லர் இழுக்கும்போது நம்ம செய்ற எல்லா செட்டிங்கும் கடைசியில இந்த லாக் அப்பை பூட்டியே வச்சிருக்கத்தான்னு நினைச்சுக்கோங்க, பாதி குழப்பம் தீந்துடும்.

"ஏத்தத்துல 8ல இருந்து 6, 6ல இருந்து 8னு விடாம மாத்திக்கிட்டே இருக்கு"

இதுதான் அதிகம் பேர் சொல்ற கம்ப்ளைன்ட். ஹன்டிங்னு சொல்லுவாங்க. மேல் கியர்ல இன்ஜினால லோடை இழுக்க முடியல, கீழ இறங்குது, இறங்கினதும் சக்தி மிச்சம் இருக்கு, மறுபடி மேல போகுது, போனதும் முடியல. ஒவ்வொரு தடவையும் லாக் அப் பூட்டு அவுந்து மறுபடி மாட்டுது, உள்ள இருக்கிற கிளட்ச் தகடு எல்லாம் உரசுது, ஆயில் சூடாகுது. அரை மணி நேரம் இப்படி ஏறினா டெம்பரேச்சர் முள்ளுல தெரிஞ்சிடும்.

டோ ஹால் ஆஃப்ல இருந்தா முதல்ல அதை ஆன் பண்ணுங்க, பாதி பேருக்கு இங்கயே முடிஞ்சிடும். ஆன் பண்ணியும் மாத்துதுன்னா குரூஸ் கன்ட்ரோல்ல ஓட்டுறீங்களான்னு பாருங்க. குரூஸுக்கு வேகம் மட்டும்தான் தெரியும், 2 கிலோமீட்டர் வேகம் குறைஞ்சாலும் ஆக்சிலரேட்டரை அமுக்கும், கியர் இறங்கும். உங்க காலா இருந்தா மேட்டுல வேகம் 90ல இருந்து 82க்கு இறங்கினாலும் பரவாயில்லன்னு விட்டுக்கொடுப்பீங்க, அது விட்டுக்கொடுக்காது. அதனால மேடு பள்ளமா வர ரோட்டுல குரூஸை ஆஃப் பண்ணிட்டு காலால ஓட்டுங்க.

அதுக்கும் அடங்கலைன்னா மேல் கியரை நீங்களே பூட்டிடுங்க. லீவர்ல பிளஸ் மைனஸ் இருக்கும், இல்லைன்னா ஸ்டியரிங் பின்னாடி. நிறைய பிக்கப்புல வர 8 ஸ்பீடு பாக்ஸை எடுத்துக்கோங்க, 6ங்கிறது நேர் கியர், அதாவது ஒண்ணுக்கு ஒண்ணு, பாக்ஸ்ல இருந்து வெளிய வர ஷாஃப்ட் ஒரு சுத்து சுத்த இன்ஜினும் ஒரு சுத்து. 7 வந்து 0.84, 8 வந்து 0.67. இந்த 7ம் 8ம் ஓவர்டிரைவ், காலி வண்டியில டீசல் பெட்ரோல் மிச்சம் பிடிக்க வச்சது. 8ல 1600 ஆர்பிஎம்ல போயிட்டு இருக்கிற வண்டி அதே வேகத்துல 6க்கு வந்தா கிட்டத்தட்ட 2400 ஓடும், அந்த 800 வித்தியாசத்துலதான் இழுக்கிற தெம்பு இருக்கு. கனமான லோடுன்னா 6ஐ உச்சமா வச்சுட்டு ஏறுங்க, சமதளம் வந்தா 7ஐ திறந்து விடுங்க. 6 ஸ்பீடு பாக்ஸுன்னா 5ம் 6ம் ஓவர்டிரைவ், 10 ஸ்பீடுல பொதுவா 7வது நேர் கியர், 8 9 10 மூணும் ஓவர்டிரைவ். 10 ஸ்பீடுல கடைசி ரெண்டு கியருக்கும் இடைவெளி ரொம்ப கம்மி, அதனால 9க்கும் 10க்கும் நடுவுல எப்பயாவது மாறிக்கிட்டா பயப்பட ஒண்ணும் இல்ல, 10ல இருந்து 7க்கு தாவிட்டு திரும்பி ஓடினாத்தான் கவனிக்கணும்.

சமதளத்துலயே மாத்துதா? அப்ப காத்து. உயரமான பெட்டி மாதிரி டிரெய்லரா இருந்து எதிர்காத்தும் சேர்ந்துட்டா ஏத்தம் ஏறுற மாதிரிதான் இன்ஜினுக்கு. காத்தை கிழிக்க வேண்டிய சக்தி வேகத்தோட மும்மடிப் பெருக்கமா ஏறும், 100ல இருந்து 90க்கு வந்தாலே அந்த பங்கு கால்வாசிக்கு மேல குறைஞ்சிடும், வேற எந்த செட்டிங்கும் இவ்வளவு பண்ணாது. எனக்கு தெரிஞ்சு இதை கேட்டதும் முகம் சுளிக்காத டிரைவரே இல்ல, ஆனா கணக்கு கணக்குதான்.

இன்னொண்ணு, கம்பெனி டயரை மாத்தி பெரிய டயர் போட்டிருக்கீங்களா? சுற்றளவு 10 சதவீதம் கூடினா எல்லா கியரும் 10 சதவீதம் இழுவை குறைஞ்ச மாதிரி. பின் ஆக்சில் ரேஷியோவும் (சக்கரம் ஒரு சுத்து சுத்த பாக்ஸ்ல இருந்து வர ஷாஃப்ட் எத்தனை சுத்து சுத்தணும்கிற கணக்கு) இதே கதைதான், ஒரே இன்ஜின் ஒரே பாக்ஸ், ஆனா 3.31 ஆக்சில் வண்டி ஹன்டிங் அடிக்கிற மேட்டுல 3.73 வண்டி அமைதியா ஏறும். இதுக்கு செட்டிங்குல வழி இல்ல, ஒரு கியர் கம்மியா பூட்டி ஓட்டுறதுதான் வழி.

"ஆர்பிஎம் 4000க்கு மேல கத்துது, இன்ஜின் வெடிச்சிடுமோன்னு பயமா இருக்கு"

வெடிக்காது. பெட்ரோல் இன்ஜினுக்கு அதோட முழு சக்தி பொதுவா 5000 ஆர்பிஎம்முக்கு பக்கத்துலதான் இருக்கு, செங்குத்தான மேட்டுல கனமான லோடோட அங்க போகத்தான் செய்யும். சிவப்பு கோட்டுக்கு கீழ இருக்கிற வரைக்கும், கூலன்ட் டெம்பரேச்சரும் ஆயில் டெம்பரேச்சரும் இடத்துல நிக்கிற வரைக்கும் சத்தத்தை சத்தமா மட்டும் எடுத்துக்கோங்க. டோ ரேட்டிங், அதாவது ஒரு வண்டி எவ்வளவு எடை இழுக்கலாம்ங்கிற அளவு, குடுக்கிறதுக்குன்னே எஸ்ஏஇங்கிற இன்ஜினியர்கள் அமைப்போட ஜே2807னு ஒரு டெஸ்ட் இருக்கு, அமெரிக்காவுல அரிசோனா பக்கம் டேவிஸ் டேம் மேட்டுல சுமார் 18 கிலோமீட்டர், வெயில் 38 டிகிரிக்கு குறையாம, ஏசியை முழுசா போட்டுக்கிட்டு, குறிப்பிட்ட வேகத்துக்கு கீழ போகாம ஏறணும். அந்த டெஸ்ட்ல பாஸ் ஆன வண்டி எல்லாம் இப்படி கத்திக்கிட்டேதான் ஏறுச்சு.

நீங்க பயப்பட வேண்டியது இதுக்கு நேர் எதிரான விஷயத்துக்கு. சத்தம் பிடிக்கலன்னு மேல் கியர்ல வச்சு ஆக்சிலரேட்டரை முக்கால்வாசி அமுக்கிட்டு 1500 ஆர்பிஎம்ல முக்க விடுறது. அப்ப வாட்டர் பம்ப் மெதுவா சுத்துது, பெல்ட்ல ஓடுற ஃபேன்னா அதுவும் மெதுவா, பாக்ஸ் உள்ள ஆயில் பம்பும் மெதுவா, லோடு மட்டும் முழுசா. ஒரு கியர் இறக்கினா எல்லாமே வேகம் கூடும், சூடு வெளிய போகும். ஆக்சிலரேட்டர் பாதிக்கு மேல போயும் வேகம் கூடலைன்னா கியர் இறக்குங்கன்னு அர்த்தம். மலை உயரத்துல இது சீக்கிரமே வரும், டர்போ இல்லாத இன்ஜின் 300 மீட்டர் ஏறும்போதெல்லாம் சுமார் 3 சதவீதம் சக்தி இழக்கும்.

"டிரான்ஸ்மிஷன் டெம்பரேச்சர் ஏறிக்கிட்டே போகுது"

எவ்வளவு வரைக்கும் ஓகே? பொதுவான கணக்கு: 80ல இருந்து 95 டிகிரி சாதாரணம். லோடு இழுக்கும்போது 105 வரைக்கும் போறது ஒண்ணும் தப்பில்ல. 115, 120 வந்துட்டா நீங்க ஏதாவது மாத்தணும். 130 தாண்டினா வண்டியை ஓரமா நிறுத்தணும். மீட்டர் ஃபாரன்ஹீட்ல காட்டுற வண்டியா இருந்தா 200னு பாத்து அலறாதீங்க, அது 93 டிகிரிதான், 250 தாண்டினா 121, அப்ப அலறுங்க. இப்ப வர வண்டிங்கள்ல மைலேஜுக்காக வேணும்னே ஆயிலை 90, 100னு சூடா ஓட விடுறாங்க, அதனால உங்க மாடலுக்கு எதுன்னு மேனுவல்ல ஒரு தடவை பாத்து வச்சுக்கோங்க. மீட்டர் திரையில டிரான்ஸ் டெம்ப்னு ஒரு பக்கம் ஒளிஞ்சிருக்கும், லோடு இழுக்கும்போது ஸ்பீடுக்கு பக்கத்துல அதையும் போட்டு வச்சுக்கோங்க.

ஏறுதுன்னா லாக் அப் பூட்டியிருக்கான்னு முதல்ல பாக்கணும். அதுக்கு மீட்டர் எல்லாம் வேண்டாம். ஒரே வேகத்துல போயிட்டு இருக்கும்போது கியர் மாறாத அளவுக்கு ஆக்சிலரேட்டரை லேசா, ஒரு விரல் அளவு அமுக்கிப் பாருங்க. ஆர்பிஎம் முள் வண்டி வேகத்தோட சேர்ந்தே மெதுவா ஏறினா பூட்டியிருக்கு. வேகம் அப்படியே இருக்க முள் மட்டும் 200, 300 குபுக்குனு ஏறினா பூட்டு அவுந்து கிடக்கு, அந்த 300ம் சூடாத்தான் போயிட்டு இருக்கு. அப்ப ஒரு கியர் இறக்குங்க, டோ ஹால் போடுங்க, முள் கொஞ்சம் ஏறி ஒரு நொடியில லேசா படிஞ்சு நின்னா பூட்டிக்கிச்சு. அடுத்த அஞ்சு பத்து நிமிஷத்துல டெம்பரேச்சர் இறங்க ஆரம்பிக்கும்.

இறங்கலைன்னா வேகத்தை குறைங்க. அதுவும் பத்தலைன்னா பாதுகாப்பான இடமா பாத்து நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பி (பார்க்) ல வச்சு இன்ஜினை அணைக்காம ஓட விடுங்க. பி யிலயோ நியூட்ரல்லயோ லோடு இல்ல, பம்ப் ஓடுது, ஆயில் கூலர் வழியா சுத்தி வருது. லேசா 1200 ஆர்பிஎம் வச்சா இன்னும் சீக்கிரம் இறங்கும். டி ல வச்சு பிரேக்கை அமுக்கிட்டு நிக்காதீங்க, கன்வர்ட்டர் உள்ள ஆயிலை கலக்கிக்கிட்டே இருக்கும், டிராஃபிக்ல ஊர்ந்து ஊர்ந்து போகும்போது சூடு ஏறுறதும் இதனாலதான். இன்ஜின் கூலன்ட்டும் சேந்து ஏறினா ஏசியை நிறுத்துங்க, ஹீட்டரை முழுசா திறங்க, வேர்த்து கொட்டும், ஆனா இன்ஜின் பொழைக்கும்.

இதெல்லாம் பண்ணியும் லேசான லோடுக்கே சூடாகுதுன்னா அது செட்டிங் பிரச்சனை இல்ல. ரேடியேட்டர் முன்னாடி கூலர் இடுக்குல பூச்சியும் மண்ணும் அடைஞ்சிருக்கலாம், டார்ச் அடிச்சு பாருங்க. ஆயில் அளவு குறைஞ்சிருக்கலாம். நிறைய புது வண்டியில டிப்ஸ்டிக்கே கிடையாது, ஒர்க்‌ஷாப்புல தூக்கி குறிப்பிட்ட சூட்டுல பாக்கணும். ஆயில் கருப்பா கருகின வாடையோட இருந்தா மாத்தற நேரம் தாண்டிடுச்சு. ஆயில் விஷயத்துல ஒரு எச்சரிக்கை: மேனுவல்ல எழுதியிருக்கிற அதே வகை தவிர வேற ஊத்தாதீங்க, 10 ஸ்பீடு பாக்ஸுங்க பல ரொம்ப லேசான ஆயில்ல ஓடுது, கெட்டியா ஊத்தினா நல்லா தாங்கும்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. அடிக்கடி டிரெய்லர் இழுக்கிறவங்க மேனுவல்ல கடின உபயோகம்னு தனியா ஒரு அட்டவணை இருக்கும், அதைத்தான் பின்பற்றணும், சாதாரண அட்டவணை உங்களுக்கு இல்ல.

"இறக்கத்துல வண்டி நிக்க மாட்டேங்குது, பிரேக் வாடை வருது"

வாடை வந்துட்டா முதல்ல நிறுத்துங்க, ஆற விடுங்க, அப்புறம் படிங்க. பெடல் வழக்கத்தை விட ஆழமா போகுதுன்னா அது வெறும் வாடை இல்ல, பிரேக் ஃபேட் ஆகுது, அதாவது சூட்டுல பிடிப்பை இழக்குது.

ஏறும்போது எந்த கியர்ல ஏறுவீங்களோ அதே கியர்ல, இல்ல அதுக்கும் ஒண்ணு கீழ இறங்கணும். இதை இறக்கம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, உச்சியிலயே பண்ணணும், வேகம் எடுத்த பிறகு கியரை இறக்கச் சொன்னா ஆர்பிஎம் சிவப்பு கோட்டை தாண்டும்னு பாக்ஸ் கேக்காமலே மறுத்துடும், நீங்க மைனஸை அமுக்கிக்கிட்டே இருப்பீங்க ஒண்ணும் நடக்காது, லீவர் வேலை செய்யலன்னு நினைப்பீங்க. அப்ப பிரேக்கை நல்லா அமுக்கி வேகத்தை குறைச்சுட்டு மறுபடி மைனஸ் போடுங்க, எடுத்துக்கும்.

டோ ஹால் ஆன்ல இருந்தா இறக்கத்துல பிரேக்கை ஒண்ணு ரெண்டு நொடி நிதானமா அமுக்கினா தானா கியர் இறங்கும், ஆர்பிஎம் ஏறி வண்டியை பிடிக்கும். ஆனா சிலர் பிரேக்கை பூப்போல தொட்டு தொட்டு எடுப்பாங்க, அந்த தொடல் பத்தாது, பாக்ஸ் கண்டுக்காது. அழுத்தமா அமுக்கி வேகத்தை 8, 10 கிலோமீட்டர் குறைச்சு காலை முழுசா எடுங்க, பிரேக் ஆறட்டும், மறுபடி வேகம் ஏறினா மறுபடி அமுக்குங்க. கீழ வரைக்கும் லேசா அமுக்கிட்டே போறதுதான் டிஸ்க்கை வேக வைக்கிற வழி.

டீசல் பிக்கப்புல எக்ஸாஸ்ட் பிரேக் (புகை வெளிய போறதை அடைச்சு இன்ஜினை வச்சே வண்டியை இழுத்து பிடிக்கிறது) இருந்தா ஆன் பண்ணுங்க, டோ ஹாலோட சேத்து போட்டாத்தான் முழு பலன். பெட்ரோல் இன்ஜினுக்கு அது இல்லாததால இறக்கத்துல 4500 ஆர்பிஎம் வரைக்கும் கத்தும், கத்தட்டும்.

மழைத் தண்ணி, பனி, ஜல்லி உதிர்ந்த ரோடுன்னா மட்டும் கதை மாறுது. இன்ஜின் பிரேக் பிடிக்கிறது டிரக்கோட பின் சக்கரத்தை மட்டும்தான் (நாலு சக்கர டிரைவ் போடாத வரைக்கும்), வழுக்கலான ரோட்டுல திடீர்னு ரெண்டு கியர் இறங்கினா பின் சக்கரம் வழுக்கும், டிரெய்லர் பின்னாடி இருந்து தள்ளும், வண்டி மடிஞ்சு போகும். அங்க எக்ஸாஸ்ட் பிரேக்கை ஆஃப் பண்ணிட்டு, ஆரம்பத்துலயே மெதுவான வேகத்துல, ஒவ்வொரு கியரா இறக்குங்க.

எல்லா கியரும் சரியா இருந்தும் டிரக் பிரேக் மட்டும் வேகுதுன்னா டிரெய்லர் பிரேக் வேலையே செய்யல. எலக்ட்ரிக் பிரேக்னா கேபின்ல கெய்ன் இருக்கும், டிரெய்லர் பிரேக் எவ்வளவு பலமா பிடிக்கணும்னு கூட்டி குறைக்கிற செட்டிங். காலி ரோட்டுல 30, 40 வேகத்துல டிரெய்லர் பிரேக் லீவரை மட்டும் கையால அழுத்திப் பாருங்க, பின்னாடி இருந்து இழுத்து பிடிக்கிற மாதிரி தெரியணும். டிரெய்லர் சக்கரம் லாக் ஆனா கெய்னை குறைங்க, ஒண்ணுமே தெரியலன்னா கூட்டுங்க, கூட்டியும் தெரியலன்னா வயர் பிளக்கை கழட்டி துரு பாருங்க.

"எம் மோடுல 5ன்னு காட்டுது, ஆனா பாக்ஸ் 4ல ஓடுது, 3ல ஓடுது, சொன்ன பேச்சு கேக்கல"

கோளாறு இல்ல. எம்னா கியரை நீங்களே சொல்ற மேனுவல் மோடு. நிறைய பிக்கப்புல திரையில வர அந்த எண் ஓடுற கியர் இல்ல, உச்ச வரம்பு. 5ன்னா 1ல இருந்து 5 வரைக்கும் நான் இஷ்டத்துக்கு மாத்திக்கிறேன், 6க்கு போக மாட்டேன்னு அர்த்தம். எஸ்4, எஸ்5னு காட்டுற வண்டிங்க பெரும்பாலும் இப்படித்தான். வேற சில வண்டியில எம் போட்டா நிஜமாவே அந்த கியர்லயே பிடிச்சு நிக்கும், நீங்கதான் மாத்தணும். உங்களது எதுன்னு தெரிய சமதளத்துல எம் 4 வச்சு நிறுத்திட்டு மறுபடி கிளம்புங்க, 1ல இருந்து தானா மேல போச்சுன்னா வரம்பு வகை. டிரெய்லருக்கு ரெண்டுல எது வேணா போதும், வரம்பு வகைதான் தலைவலி கம்மி.

"60, 70 வேகத்துல நடுங்குது, ரோடு சரியில்லாத மாதிரி தடதடன்னு வருது"

லேசான ஆக்சிலரேட்டர்ல, மேல் கியர்ல, ஒரு ரெண்டு மூணு நொடி மட்டும் வந்து போகுதா? அது லாக் அப் கிளட்ச் பூட்டும்போது வழுக்கி பிடிச்சு வழுக்கி பிடிக்கிறது. உறுதி பண்ண, நடுக்கம் வரும்போது ஆக்சிலரேட்டரை அப்படியே வச்சுக்கிட்டு இடது காலால பிரேக் பெடலை லேசா, லைட் எரியிற அளவுக்கு மட்டும் தொடுங்க (பின்னாடி வண்டி இல்லாதப்ப). பிரேக் சிக்னல் வந்தா பாக்ஸ் லாக் அப்பை விட்டுடும். தொட்ட நொடியே நடுக்கம் நின்னா கன்வர்ட்டர்தான். பல நேரம் சரியான ஆயிலை மாத்தினா போயிடும், ஆயில் மாத்தியும் போகலைன்னா கன்வர்ட்டர் பக்கம் போகணும். அதுவரைக்கும் ஒரு கியர் கம்மியா ஓட்டினா நடுக்கம் குறையும், ஆனா தள்ளிப்போடுறோம்னு ஞாபகம் இருக்கட்டும்.

பிரேக் தொட்டும் நிக்கலன்னா டயர், வீல் பேலன்ஸ், டிரைவ் ஷாஃப்ட் (பாக்ஸ்ல இருந்து பின் சக்கரத்துக்கு சக்தி கொண்டு போற தண்டு) பக்கம் தேடுங்க.

நின்ன இடத்துல இருந்து கிளம்பும்போது மட்டும் நடுங்கி, 20, 30 வேகம் வந்ததும் சரியாகுதா, அதுவும் டிரெய்லர் மாட்டினா மட்டும்? அப்ப கியர்பாக்ஸ் மேல பழி போடாதீங்க. கொக்கி மேல பாரம் கூடி டிரக் பின்பக்கம் தாழ்ந்திருக்கு, அதனால டிரைவ் ஷாஃப்ட் கோணம் மாறியிருக்கு, அந்த ஷாஃப்ட்டை மடங்க விடுற யூ ஜாயின்ட்டோ நடு பேரிங்கோ தேஞ்சிருந்தா அது அப்ப காட்டிக்கொடுக்கும். கொக்கி பாரம் டிரெய்லர் மொத்த எடையில 10ல இருந்து 15 சதவீதத்துக்குள்ள இருக்கா பாருங்க (சில நாட்டு வண்டிங்களுக்கு இதை விட கம்மியா சொல்லியிருப்பாங்க, டிரெய்லர் மாட்டுற உருண்டை (ball) மேலயும் கொக்கி மேலயும் எழுதியிருக்கிற அளவை தாண்டக்கூடாது). சாமானை கொஞ்சம் பின்னாடி நகர்த்தினா பின்பக்கம் தூக்கும், ஆனா 10க்கு கீழ போச்சுன்னா ஹைவேல டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிச்சிடும், அது இந்த நடுக்கத்தை விட ஆயிரம் மடங்கு மோசம்.

"சரிவுல ரிவர்ஸ் எடுக்கும்போதும், படகை தண்ணியில இருந்து இழுக்கும்போதும் திணறுது, சூடு வாடை வருது"

மெதுவா ஊர்ந்து கனமா தள்ளுறதுதான் கன்வர்ட்டருக்கு ரொம்ப கொடுமையான வேலை, லாக் அப் பூட்டவே பூட்டாது. 4 லோ (நாலு சக்கர டிரைவ்ல இருக்கிற மெதுவான, இழுவை கூடின கியர்) இருந்தா போடுங்க. நியூட்ரல்ல நிறுத்திட்டு போடணும், ரெண்டு மூணு நொடி எடுத்துக்கும். அதே வேலையை இன்ஜின் பாதி கஷ்டத்துல செய்யும், ஆக்சிலரேட்டரை தொடுறது கூட நிதானமா வரும். ஈரமான, ஜல்லியான இடத்துல ஓகே. காஞ்ச தார் ரோட்டுலயோ சிமென்ட்லயோ 4 லோ போட்டு ஸ்டியரிங்கை முழுசா ஒடிக்காதீங்க, முன்னும் பின்னும் ஒண்ணோட ஒண்ணு சண்டை போடும், டக் டக்குனு சத்தம் வரும். நேரா இழுக்கிற வரைக்கும் வச்சுட்டு மேல வந்ததும் 2 வீலுக்கு மாத்திடுங்க.

"பி ல இருந்து எடுக்கும்போது டொக்குனு பெரிய சத்தம்"

சரிவுல நிறுத்திட்டு நேரா பி போட்டிருக்கீங்க. டிரக், டிரெய்லர் மொத்த எடையும் பாக்ஸ் உள்ள இருக்கிற ஒரு சின்ன இரும்பு கொக்கி மேல சாஞ்சு நிக்குது, லீவரை எடுக்கும்போது அது விடுபடுற சத்தம்தான் அது. ஒருநாள் ஒடிஞ்சே போகும். கால் பிரேக்கை அமுக்கி, நியூட்ரல் போட்டு, ஹேண்ட் பிரேக்கை நல்லா இழுத்து, கால் பிரேக்கை மெதுவா விட்டு வண்டி ஹேண்ட் பிரேக்ல உக்காந்ததும் மறுபடி கால் பிரேக், அப்புறம் பி. டிரெய்லர் சக்கரத்துக்கு கட்டையும் வைங்க. கிளம்பும்போது முதல்ல கியர், கடைசியா ஹேண்ட் பிரேக்.

"டிரெய்லரை கழட்டிட்டேன், இன்னும் கியர் முரட்டுத்தனமா விழுது"

டோ ஹால் ஆன்லயே இருக்கும். சில வண்டி சாவியை அணைச்சா மறந்துடும், சில வண்டி ஞாபகம் வச்சிருக்கும். அதே காரணத்தால எதிர் கம்ப்ளைன்ட்டும் வரும், டீ குடிக்க நிறுத்திட்டு கிளம்பினா மறுபடி ஹன்டிங் ஆரம்பிக்குதுன்னு, பாத்தா பட்டன் ஆஃப் ஆகி கிடக்கும். ஆஃப் பண்ணியும் கொஞ்ச தூரம் கியர் விழுறது ஒரு மாதிரியா இருந்தா விடுங்க, பாக்ஸ் நீங்க ஓட்டுற விதத்தை கத்துக்கிட்டே இருக்கும், தானா மாத்திக்கும்.

"எனக்கு மேனுவல் கியர், கிளட்ச் வாடை வருது"

1ல கிளம்புங்க, 2ல கிளம்புற பழக்கத்தை டிரெய்லரோட வச்சுக்காதீங்க. மேட்டுல கிளட்ச்சை பாதி பிடிச்சு வண்டியை நிறுத்தி வைக்காதீங்க, ஹேண்ட் பிரேக் எதுக்கு இருக்கு. ரிவர்ஸ்ல 4 லோ இங்கயும் கை குடுக்கும். கடைசி கியர் ஓவர்டிரைவா இருந்தா கனமான லோடுக்கு அதை மறந்துடுங்க.

"ஒரே கியர்ல மாட்டிக்கிச்சு, பிளஸ் மைனஸ் எதுக்கும் அசையல, லைட் எரியுது"

இது லிம்ப் மோடு. பாக்ஸ் தன்னை காப்பாத்திக்க ஒரே கியர்ல, பல வண்டியில 3ல, நின்னுக்கும். டோ ஹால் லைட் மின்னிக்கிட்டே இருந்தாலும் சில வண்டியில இதே அர்த்தம்தான். ஓரமா நிறுத்தி டெம்பரேச்சர் பாருங்க. சூடுனால வந்திருந்தா பி ல ஓட விட்டு ஆறினதும் அணைச்சு ஒரு நிமிஷம் கழிச்சு ஸ்டார்ட் பண்ணா சில நேரம் விட்டுடும், விட்டாலும் மேட்டுக்கு டிரெய்லரோட திரும்ப போகாதீங்க. ஓபிடி ஸ்கேனர் (வண்டி கம்ப்யூட்டர்ல பதிவான கோளாறு எண்ணை காட்டுற கருவி) இருந்தா கோடு படிங்க, வண்டியை அணைச்சு பேட்டரி கழட்டி கோடை அழிச்சுட்டு ஒர்க்‌ஷாப்புக்கு போறது மெக்கானிக்கோட கண்ணை கட்டி விடுறது. பி0218 வந்தா ஆயில் சூடு. பி0740, 0741 வந்தா லாக் அப் கிளட்ச் பக்கம். பி0700 மட்டும் தனியா வந்தா அது உள்ள வேற கோடு இருக்குன்னு சொல்ற அறிவிப்புதான், பாக்ஸ் கன்ட்ரோலரை படிக்கிற ஸ்கேனர் வேணும்.

ஒர்க்‌ஷாப்புல "டிரெய்லர் இழுக்கும்போது பிரச்சனை"ன்னு மட்டும் சொன்னா காலி வண்டியை ஒரு ரவுண்டு ஓட்டிட்டு ஒண்ணும் இல்லன்னு திருப்பி குடுத்துடுவாங்க. எந்த கியர், என்ன வேகம், ஆர்பிஎம் எவ்வளவு, ஆயில் டெம்பரேச்சர் எவ்வளவு, டோ ஹால் ஆனா ஆஃபா, பிரேக்கை தொட்டா நின்னுச்சா இல்லையான்னு எழுதி குடுங்க, முடிஞ்சா டிரெய்லரையும் மாட்டிக்கிட்டே போங்க.